வெயில் பக்கம் நடப்பவன்

பெற்றிசியா கண்ணை மூடிக்கொண்டுதான் கருவாடு புரட்டுவாள். தாழ்வுபாட்டுக் கடற்கரையில் காலை எட்டு மணி வெயில் விழுந்துவிட்டால் மணலும் கடலும் மீனும் பாயும் அவளுக்கு ஒன்றுதான், எல்லாம் வெள்ளை. கண்ணைத் திறந்தால் அந்த வெள்ளை ஊசியாய்க் குத்தும், கருமணி இரண்டும் நிற்கமாட்டாமல் துடிக்கும். ஆகவே சேலைத் தலைப்பை நெற்றிக்கு இழுத்துவிட்டு, விரலாலும் மூக்காலும் வேலை பார்ப்பாள். எது காய்ந்தது, எது இன்னுமொரு வெயில் கேட்கிறது என்று கண் நன்றாயிருக்கிறவர்களே அவளிடம் வந்து கேட்பார்கள். கேட்டுவிட்டுப் போகிற வழியில் "தூங்குமூஞ்சி" என்றும் சொல்வார்கள். உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியுமா?

பொழுது சாய்ந்தால் கதை வேறு. மற்றவர்கள் தட்டுத்தடுமாறுகிற மங்கலில் அவள் வலைக்கயிறுகளைத் தாண்டிக் கண் மலர்த்தி நடப்பாள். நிறம் மட்டும் எந்த நேரமும் கிடையாது. வெள்ளைக்கார ராசாவின் வெள்ளிவிழாவுக்கு மன்னார்க் கச்சேரி என்கிற அரசாங்கக் கந்தோரைச் சுற்றிக் கொடி கட்டிய அன்று, மாமன் மகன் கிறகரிதான் பக்கத்தில் நின்று சொன்னான்.

"இது சிவப்பு. மிளகாயைக் கடிச்சா நாக்கில இருக்குமே, அது. மற்றது நீலம். விடியக் காலமை கடலுக்க கால் வைக்கிற மாதிரி."

அன்றைக்குப் பிறகு மிளகாய் கடிபடும் போதெல்லாம் அவளுக்கு அவன் ஞாபகம் வந்தது. கண்ணில் தண்ணீர் வந்தால் உறைப்பு என்று சொல்லிக்கொண்டாள். இதில் ஒளிக்க என்ன இருக்கிறது, அவள் அவன்மேல் உயிரையே வைத்திருந்தாள். அவளோடு நடக்கும்போது கிறகரி எப்போதும் வெயில் பக்கம்தான் நடப்பான். காலையில் கிழக்கே, பின்னேரம் மேற்கே. அவன் நிழலுக்குள் அவள் கண்ணைத் திறக்கலாம். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான், யாரும் அவனுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

உரிமை மச்சான், இரண்டு வீட்டுக்கும் சம்மதம். தாய் றஞ்சிதத்துக்கு இன்னொரு எண்ணமும் இருந்தது. வெளியே கொடுத்தால் கண்ணின் குறையைக் கண்டுபிடித்துக் குடும்பத்துக்கே பெயர் வைத்துவிடுவார்கள், சொந்தத்துக்குள் கொடுத்தால் குறை வீட்டோடு கிடக்கும். அவளும் அப்படித்தான் தன் அத்தை மகனைக் கட்டினாள். நெருங்கிய சொந்தம் என்றால் திருச்சபையின் அனுமதி வேண்டுமே! கோவில் சுவாமியார் அதைக் கேட்டு யாழ்ப்பாணத்து ஆயர் மேற்றிராணியாருக்கு எழுதிப்போட்டார். றஞ்சிதம் மடு மாதாவுக்கு வெள்ளிக் கண்மலர் வைத்துவிட்டு வந்தாள்.

போன கிழமை கொழும்பிலிருந்து கண் டாக்குத்தர் யோகராசா மன்னார் ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தார். கலியாணத்தன்று கோவில் வாசலில் மகள் கண் திறந்து நிற்க ஏதாவது சொட்டு மருந்து தருவார் என்று றஞ்சிதம் கூட்டிப்போனாள். அவர் யன்னலைச் சாத்தி, சின்ன விளக்கைப் பிடித்து, வெகுநேரம் பார்த்தார்.

"கண்ணுக்குள்ள ரெண்டு காவல்காரர் இருக்கினம், பிள்ளை. ஒருத்தன் பகலுக்கு, ஒருத்தன் இரவுக்கு. நிறம் பார்க்கிறது பகல்காரன்ர வேலை. உமக்கு அவன் பிறக்கேக்கயே வேலைக்கு வரயில்லை. இரவுக்காரன்தான் பகலிலயும் நிண்டு வெயில் தாங்க ஏலாமல் தவிக்கிறான். இது கூடவும் மாட்டுது, குறையவும் மாட்டுது. மருந்தில்லை. கறுத்தக் கண்ணாடி ஒண்டு அனுப்பிவிடுறன்."

பிறகு மாப்பிள்ளை யார் என்று கேட்டார். சொன்னதும் பேனையைக் கீழே வைத்தார்.

"பிள்ளைக்குத் தாயிட்ட இருந்து ஒரு பங்கு, தகப்பனிட்ட இருந்து ஒரு பங்கு வரும். ஒண்டு பழுதெண்டாலும் மற்றது சமாளிக்கும். ரெண்டும் பழுதெண்டாத்தான் இப்பிடி. உங்களுக்கும் புருசனுக்கும் கண் நல்லம், ஆனா ரெண்டு பேரிட்டயும் அது ஒளிச்சிருந்திருக்கு. அந்தப் பெடியன்ர வீட்டில ஆருக்கும் இருந்ததோ?"

கிறகரிக்கு முன் பிறந்து காய்ச்சலில் போன பெண்பிள்ளை வெயிலில் கண் திறந்ததேயில்லை. றஞ்சிதம் அதை மெதுவாகச் சொன்னாள்.

"அப்ப அவரிட்டயும் ஒளிச்சிருக்கலாம். இருந்தா, பிறக்கிற பிள்ளைகளுக்குப் பாதிக்குப் பாதி. வெளியில கட்டினா அனேகமாப் பயமில்லை."

"வெளியில தெரியக் கூடாதெண்டுதானே ஐயா சொந்தத்துக்க குடுக்கிறம்," என்றாள் றஞ்சிதம்.

டாக்குத்தர் பேனையை மறுபடி எடுத்துக் கறுத்தக் கண்ணாடிக்கு எழுதினார்.

இன்றைக்குக் கருவாடு புரட்டுகையில் இமைமேல் திடீரென்று குளிர்ந்தது. பெற்றிசியா கண்ணைத் திறந்தாள். கிறகரி கிழக்கே முதுகைக் காட்டி நின்றான்.

"மேற்றிராணியாரிட்ட இருந்து கடிதம் வந்திட்டுது! வாற ஞாயிறு பூசையில சுவாமியார் கலியாணத்துக்கு எங்கட பேரை வாசிக்கப் போறாராம்."

அவள் கையிலிருந்த பாரை மீனைப் பாயில் வைத்துவிட்டு, டாக்குத்தர் சொன்னதெல்லாம் சொன்னாள். அவன் கேட்டு முடித்துச் சிரித்தான். சிரிப்பு சரியாய் வரவில்லை.

"உன்னை மாதிரி ஒண்டு பிறந்தா என்ன இப்ப? அதுக்கும் நான் வெயில் பக்கம் நடக்க மாட்டனோ?"

"நீங்க கடலுக்குப் போயிடுவீங்க மச்சான். அது பள்ளிக்கூட முத்தத்தில தனிய நிக்கும்."

சின்னதில் அவள் தனியே நின்ற அந்த முற்றத்தை அவனுக்கும் தெரியும். ஆனால் பெற்றிசியா முழுவதையும் சொல்லவில்லை. அப்படி ஒரு பிள்ளை வேண்டும் என்று அவளுக்குள் ஒரு ஆசை கிடந்தது. பொழுதுபட்ட பிறகு கடற்கரை எப்படி இருக்கும் என்று அவளோடு பேச இந்த உலகத்தில் ஒருவர் வேண்டும். மாதாவே, இது என்ன ஆசை! எதிரிக்கும் நினைக்கக் கூடாததைப் பெற்ற பிள்ளைக்கு நினைக்கலாமா? வெளியே ஒருவனைக் கட்டினால் பிள்ளை வெயிலில் ஓடி விளையாடும். அந்த ஒருவன் எந்தப் பக்கம் நடப்பானோ.

"சுவாமியாருக்கு நான் என்னெண்டு சொல்ல?" என்றான் கிறகரி. "ஓம் எண்டோ, இல்லையெண்டோ?"

அவளுக்கு ஓம் என்று வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டாள். அந்தப் பாயில் மீன் புரட்டி முடிந்திருந்தது. குந்தியபடியே அடுத்த பாய்க்கு நகர்ந்தாள். அவன் நிழல் முடிந்த இடத்தில் வெள்ளை வந்து கண்ணில் அறைந்தது. இமையை இறுக்கிக்கொண்டு கையை நீட்டி மீனைத் தேடினாள்.

பின்னால் மணல் நெரிபட்டது. இமைமேல் மறுபடியும் குளிர்ந்தது.