என் வயிற்றுச் சேதி திருப்பூருக்குப் போகிறது

தேங்காய் லோடு ஏற்றும்போது லாரியிலிருந்து விழுந்து முதுகெலும்பு முறிந்த பிறகு, வெளிக்குப் போக வேண்டும் என்கிற உணர்வு எனக்கு வருவதில்லை. அது என் மனைவி கோகிலவாணிக்கு வருகிறது. "யாருக்குப் போகுது?" என்று ஆஸ்பத்திரியில் வழக்கம்போல் கேட்டார்கள். சொன்னோம். பக்கத்துக் கட்டில்காரரின் சேதி அவருடைய வீட்டு ஓனருக்குப் போய்க்கொண்டிருந்தது. அதைப் பார்த்தால் நான் கொடுத்து வைத்தவன்.

இரண்டாம் வருடம் அவள் என்னை விட்டுப் போனாள். சண்டை ஒன்றுமில்லை. அவளால் தாங்க முடியவில்லை, அவ்வளவுதான். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குச் சேர்ந்தாள். உணர்வு மட்டும் அவளோடு போய்விட்டது. பொள்ளாச்சியில் என் குடல் நிறையும். திருப்பூரில் அவள் வேலையை விட்டு எழுந்து வெளியே வந்து போன் போடுவாள்.

"வந்துருச்சுங்க. போங்க."

"சரி வாணி."

தம்பி மருதாசலம் என்னைத் தூக்கிக் கமோடு நாற்காலியில் உட்கார வைப்பான். சில நாள் தாமதமாகிப் போர்வை கெட்டுவிடும். வெட்கம் பிடுங்கித் தின்னும். ஆனாலும் அந்தப் போனுக்காகத்தான் கண் விழித்தேன்.

பிறகு ஆஸ்பத்திரியிலிருந்து அமலோற்பவம் சிஸ்டர் வீட்டுக்கு வர ஆரம்பித்தார். "ஒரே நேரத்துக்குப் பழக்கிட்டா உணர்வே தேவையில்லைங்க" என்றார். காலையில் சாப்பிட்டு, வெந்நீர் குடித்து, அரை மணி கழித்து நாற்காலி. ஆசனவாயில் மாத்திரை வைத்து, வயிற்றை வலமிருந்து இடமாகத் தேய்த்து, உறை போட்ட விரலால் மெல்லச் சுற்ற வேண்டும். தட்டில் கீரையும் கொய்யாவும் ஏறின. கொஞ்ச நாளில் வயிறு வழிக்கு வந்தது. சேதி கிளம்பும் முன்பே வேலை முடிந்துவிட்டதால் திருப்பூருக்கு ஒன்றும் போகவில்லை. போனும் வரவில்லை.

தம்பிக்குச் சந்தோஷம். எனக்கு வீடே வெறிச்சென்று ஆகிவிட்டது. நானாக அவளைக் கூப்பிட ஒரு காரணமும் இல்லை. எனவே வெந்நீர் வேண்டாம், நாற்காலி வேண்டாம் என்று அடம்பிடித்தேன். மூன்றாம் நாள் போன் வந்தது.

"என்னங்க பண்றீங்க? வயிறு கல்லாட்டம் இருக்குதுங்க. நிமிரவே முடியல."

அவள் அழுதாள். என் வயிற்றில் எனக்கு ஒரு வலியும் இல்லை.

"இனிமே வராது வாணி" என்றேன். பாவி நான்.

அதன் பிறகு ஒரு நாளும் தவறவில்லை. போன் சும்மா கிடந்தால் அவள் சுகமாக இருக்கிறாள் என்று அர்த்தம். அதைப் பார்த்துக்கொண்டே கீரை தின்றேன். மனசு ஆறவில்லை.

போன வியாழக்கிழமை மதியம், வயிறு முட்டச் சாப்பிட்டுக் கை கழுவும்போது எனக்கு அகோரமாகப் பசித்தது. என் பசி இல்லை என்று தெரிந்தது. போன் போட்டேன்.

"வாணி, சாப்பிட்டியா?"

"இல்லைங்க, வேலை ஜாஸ்தி." குரலைத் தாழ்த்தினாள். "அங்க வந்துருச்சுங்களா?"

"வந்துருச்சு. போய்ச் சாப்பிடு. போனை வெச்சுராதே."

டிபன் பாக்ஸ் திறக்கும் சத்தம் கேட்டது. அவள் சோற்றை மெல்ல மெல்ல என் பசி அடங்கியது. அவளுடைய விக்கல் மட்டும் மருதாசலத்துக்கு எடுத்தது. தண்ணீர்ச் சொம்பை அவன் பக்கம் நகர்த்தினேன்.