பொட்டலத்தை இறக்கி வைத்தபோது

அந்தச் சலவைக் கடைக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது, "பொட்டலம் எங்க?" என்பதைத்தான். தங்கள் சட்டை எங்கே என்று கேட்பதெல்லாம் அதற்கப்புறம். பொட்டலம் என்பது ஒரு பெண் குழந்தை, கடைக்காரரின் தங்கை மகள். கடைக்காரரின் மனைவி அவளை ஒரு நீளத் துணியால் நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொண்டுதான் துவைப்பாள், பிரிப்பாள், மடிப்பாள், பில் போடுவாள். துணிக்கு மேலே கொஞ்சம் தலைமுடியும் இரண்டு கண்ணும் மட்டும் தெரியும். பெயர் வைத்தது கடைக்காரர். உண்மைப் பெயர் ஒன்று நீளமாக, அழகாக இருக்கிறது. அதைக் கூப்பிடத்தான் ஆள் இல்லை.

தங்கை அலுவலகப் படிக்கட்டில் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். அறுவை சிகிச்சை முடிந்து, மறுபடி நடக்கப் பழக்குகிற ஆஸ்பத்திரியில் தூரத்து ஊரில் இருந்தாள். குழந்தையைத் தூக்கவே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். அவள் கணவனுக்குக் கப்பலில் வேலை. நடுக்கடலிலிருந்து வந்து டயப்பர் மாற்ற முடியாது. அதனால் குழந்தை இங்கே வந்தது. "கொஞ்ச நாளைக்குத்தான்" என்று கடைக்காரர் மனைவியிடம் சொன்னார், இஸ்திரிப் பெட்டியைப் பார்த்துக்கொண்டே. அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல அவருக்குத் தைரியம் வரவில்லை. பிள்ளைக்காக எத்தனை ஆஸ்பத்திரிப் படி ஏறி இறங்கியவள் என்று அவருக்குத் தெரியாதா? 'கொஞ்ச நாள்' என்ற வார்த்தை அவள் காதில் விழுந்ததா இல்லையா என்பதுதான் இன்றுவரை தெரியாது. அன்று கட்டிய துணியை அவள் தூங்கப்போகும்போதுதான் அவிழ்த்தாள்.

குழந்தைக்குக் காது வலி வந்தது, ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள், காது சரியானது. அந்த மருந்து முடிகிற சமயத்தில் டயப்பர் போடுகிற இடம் சிவந்தது. எல்லாக் குழந்தைக்கும் சிவக்கும்தானே என்று அவள் துத்தநாகக் களிம்பு தடவினாள். கேட்கவில்லை. பவுடர் போட்டாள், இன்னும் சிவந்தது. கடையில் விற்கிற டயப்பர்தான் காரணம் என்று முடிவுகட்டி, மிக மெல்லிய பருத்தித் துணியில் தானே தைத்தாள். அவற்றைத் தனியாகத் துவைத்து, கடையிலேயே விலை கூடின சாஃப்ட்னரில் அலசி, முகத்தில் வைத்துப் பார்த்தாள். வெண்ணெய் போல இருந்தது. தன் பிள்ளைக்கு என்றால் இப்படித்தானே செய்வோம் என்று நினைத்தாள். பிறகு 'தன்' என்று நினைத்ததற்காகத் தன்னையே திட்டிக்கொண்டாள்.

சாயங்காலம் நாத்தனார் வீடியோவில் வருவாள். "அண்ணி, ஃபோன அவகிட்டக் காட்டுங்க" என்பாள். அண்ணி காட்டுவாள். துணிக்கு மேலே முகம், முகத்துக்குப் பின்னால் தன் கழுத்து. நாத்தனார் கொஞ்சுவாள், குழந்தை திரையை நக்கப் பார்க்கும், இருவரும் சிரிப்பார்கள். சிவப்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சொன்னால் அடுத்த நொடி என்ன வரும் என்று அவளுக்குத் தெரியும்: பெத்திருந்தா தெரிஞ்சிருக்கும். இதை யாரும் அவளிடம் சொன்னதில்லை. சொல்லாத வார்த்தைக்குப் பயப்படுவது முட்டாள்தனம் என்றால், அவள் முட்டாள்தான். அதைச் சொல்லிக் குழந்தையை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று நினைத்தபோதெல்லாம் துணிக்கட்டை இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டாள்.

தொடையிடுக்கில் தோல் பளபளவென்று ரத்தச் சிவப்பாகி, ஒவ்வொரு தடவை துடைக்கும்போதும் குழந்தை வீறிட்டபோதுதான், டாக்டரிடம் போனார்கள். கடைக்காரர் பையில் ஒரு ட்யூப் எடுத்து வந்திருந்தார். தன் அரிப்புக்கு யாரோ எழுதிக்கொடுத்தது. அவர் வீட்டில் எதற்கெடுத்தாலும் அதுதான்.

"இத போட்டீங்களா?" என்று டாக்டரம்மா ட்யூபைத் திருப்பிப் பார்த்தார்.

"இல்லைங்க. உங்களக் கேட்டுட்டுப் போடலாம்னு..."

"நல்ல வேளை. இது ஸ்டீராய்டு. நீங்களா எடுத்துத் தடவியிருந்தா இன்னும் மோசமாயிருக்கும். உங்களுக்கே இது வேணாம், தூக்கிப் போடுங்க." குழந்தையின் காலை மெல்லத் தூக்கினார். "இங்க பாருங்கம்மா. சாதாரண டயப்பர் சிவப்பு மேலாக இருக்கும், மடிப்புக்குள்ள போகாது. இது மடிப்புக்குள்ளதான் அதிகமா இருக்கு. ஓரத்துல தனித்தனியா சின்னச் சின்னப் புள்ளி. இது பூஞ்சை, ஈஸ்ட்டுன்னு சொல்வோம். ஆன்டிபயாடிக் குடுத்தோமில்ல, அது நல்ல கிருமியையும் சேத்துத் துரத்திடும். காலி இடம் கெடச்சா இது வந்து உக்காந்துக்கும்." வாயைத் திறந்து நாக்கையும் கன்னத்தின் உள்பக்கத்தையும் பார்த்தார். "வாயில வெள்ளை இல்ல. நல்லது."

பூஞ்சைக் களிம்பு எழுதினார். அதை மெல்லிசாகத் தடவி, அதன்மேல் துத்தநாகக் களிம்பு. பவுடர் கூடாது. வாசனைத் துடைப்பான் கூடாது, வெறும் தண்ணீர் போதும். தேய்க்காமல் ஒத்தி எடுக்க வேண்டும். நனைந்தால் உடனே மாற்ற வேண்டும், மாற்றும் முன்னும் பின்னும் கை கழுவ வேண்டும். சிவப்புப் போய்விட்டது என்று களிம்பை நிறுத்திவிடக் கூடாது, சொல்கிற நாள்வரை போட வேண்டும்.

"முக்கியமா, காத்து படணும். ஒண்ணும் கட்டாம கொஞ்ச நேரம் கிடக்கட்டும், தெனம் பல தடவை. பகல்ல எங்க இருப்பா?"

அவள் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள். கடைக்காரர் பக்கத்திலிருந்து, "நீராவி மெஷின் பக்கத்துல" என்று போட்டுக்கொடுத்தார்.

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "தூக்கி வச்சுக்கறதுல தப்பே இல்லம்மா. ஆனா நாள் முழுக்க, ஆவிக்கு நடுவுல, இறுக்கிக் கட்டி... பூஞ்சைக்கு வாடகையில்லாத வீடு. கொஞ்சம் எறக்கி விடுங்க."

இறக்கி விடுங்க. சொல்வது சுலபம்.

வீட்டுக்கு வந்து, தான் தைத்த துணிகளைக் குழாயடியில் அலசப்போனவள் அப்படியே நின்றாள். தண்ணீர் துணிக்குள் இறங்காமல் முத்து முத்தாக உருண்டு ஓடியது. "துண்டுக்கு சாஃப்ட்னர் போடாதீங்கம்மா, தண்ணிய இழுக்காது" என்று வருகிற வாடிக்கையாளர்களிடமெல்லாம் ஓதுகிறவள் அவள். அவளே குழந்தையின் துணியைப் பாட்டில் பாட்டிலாக அதில் முக்கி எடுத்திருக்கிறாள். ஈரம் துணியில் நிற்காமல் தோலில்தான் நின்றிருக்கிறது, அவள் உடம்புச் சூட்டோடு.

"ஊருக்கெல்லாம் பாடம் எடுத்துட்டு..." என்று ஆரம்பித்த கடைக்காரர், அவள் முகத்தைப் பார்த்ததும் மீதியை விழுங்கிவிட்டு, வெந்நீர் போடப் போனார். இருவரும் சேர்ந்து அத்தனை துணியையும் கொதிநீரில் போட்டு, சாஃப்ட்னர் வாசனை விடுகிறவரை அலசினார்கள். காய்ந்தபின் துணி மொரமொரவென்று இருந்தது. ஒரு சொட்டு விட்டுப் பார்த்தாள். பட்டென்று உள்ளே போனது.

குழந்தையை மாடி அறைக்கு மாற்றினார்கள். அங்கே ஆவி இல்லை, பெரிய ஜன்னல் உண்டு. தரையில் ஒரு விரிப்பு, அதன்மேல் துணி, துணிமேல் அம்மணமாகப் பொட்டலம். அவள் மடிப்பு வேலையை மாடிக்கே தூக்கிக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள். குழந்தை முதலில் அழுதது. கையை நீட்டியது. தூக்கிச் சமாதானப்படுத்தி மறுபடி கிடத்தினாள், மறுபடி கை நீண்டது. அவளுக்கு நெஞ்சில் துணி இல்லாத இடம் குளிர்ந்தது. கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிற குழந்தைக்காக ஒருத்தி இப்படி ஏங்குவாளா என்று யாராவது கேட்டால், ஏங்குவாள் என்றுதான் சொல்ல வேண்டும். கீழே போய் ஒரு மூட்டைத் துணி எடுத்து வருவதற்குள் இருப்புக்கொள்ளாமல் ஓடி வருவாள். வந்து பார்த்தால், அந்தக் கள்ளி தன் கால்விரலைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்துப் பேசிக்கொண்டிருப்பாள். அத்தை இல்லாதது அவளுக்கு ஒரு குறையாகவே தெரியாது. அத்தைக்கு அது சந்தோஷமாகவும் இருந்தது, அழுகையாகவும் வந்தது.

அன்று சாயங்காலம் போன் அடித்தபோது குழந்தை விரிப்பில் அப்படியே கிடந்தது. மறைக்க வேண்டுமானால் தூக்கிக் கட்டிக்கொண்டிருக்கலாம். அவள் ஒரு மூச்சு இழுத்துக்கொண்டு கேமராவைக் கீழே திருப்பினாள்.

"பூஞ்சைப் புண்ணு வந்திருக்கும்மா. ஆரம்பத்துலயே நான் கவனிச்சிருக்கணும். உன்கிட்ட சொல்லாம மறச்சுட்டேன். டாக்டர் மருந்து குடுத்திருக்காங்க, கொறஞ்சிடும்னாங்க..." எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள். நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். இதோ வருகிறது என்று அவள் காத்திருந்தாள்.

"அண்ணி," என்றாள் நாத்தனார். "காலு எவ்ளோ நீளமாயிடுச்சு."

"என்னம்மா?"

"நீங்க முகத்த மட்டும்தானே காட்டுவீங்க. அவ காலப் பாத்து எத்தன நாளாச்சு. நான் விட்டுட்டு வந்தப்ப என் உள்ளங்கை அளவுக்குத்தான் இருந்துச்சு." நாத்தனார் ஊன்றி நடக்கிற வாக்கரின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, குலுங்கிக் குலுங்கி அழுதாள். அண்ணி போனைக் குழந்தையின் காலருகே கொண்டுபோனாள். முட்டி, கெண்டைக்கால், பாதம், ஒவ்வொரு விரல் என்று நிதானமாகக் காட்டினாள். தன் பயத்தைத் தவிர வேறு எதையுமே இத்தனை நாளும் தான் பார்க்கவில்லை என்பது அப்போது அவளுக்கு உறைத்தது.

புண் ஆறியது. முதலில் புள்ளிகள் மறைந்தன, பிறகு மடிப்புகள் வெளுத்தன. சிவப்பு போன பிறகும் டாக்டர் சொன்ன நாள்வரை களிம்பை விடவில்லை. டாக்டர் இனி பயமில்லை என்றதும், நாத்தனார் தான் கிளம்பி வருவதாகச் சொன்னாள். கைத்தடியோடு நடக்கிறாளாம், உட்கார்ந்தபடி குழந்தையை மடியில் வைத்துக்கொள்ளலாம் என்று அங்கேயும் சொல்லிவிட்டார்களாம். கூடத் துணைக்கு ஒரு பெண்ணை அமர்த்தியிருந்தாள்.

வந்தவள் மாடி ஏற வெகுநேரம் ஆனது. அவளை நாற்காலியில் உட்காரவைத்து, துணி மடிக்கிற மேசையை அவள் முன்னால் இழுத்து, அதன்மேல் குழந்தையைக் கிடத்தினாள் அண்ணி. துணி நனைந்திருந்தது.

"நீயே மாத்து."

நாத்தனார் நனைந்த துணியை மெல்ல அவிழ்த்தாள். புது முகத்தைப் பார்த்த குழந்தை உதட்டைப் பிதுக்கியது. பிறகு வீட்டையே தூக்குகிற மாதிரி கத்தியது. தலையைத் திருப்பி அத்தையைத் தேடி, இரண்டு கையையும் அவள் பக்கம் நீட்டியது.

"தூக்குங்க அண்ணி. அவ உங்களத்தான் கேக்கறா."

தூக்கியிருக்கலாம். ஒரு எட்டு வைத்தால் போதும். தூக்கினால் அழுகை நிற்கும். அவளைத் தவிர வேறு யாரிடமும் நிற்காது என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். அவளுக்கு அது வேண்டியிருந்தது, அவ்வளவு வேண்டியிருந்தது. ஆனாலும் மேசையை விட்டு ஜன்னல் பக்கம் தள்ளிப் போய் நின்றாள்.

"தொடையிடுக்க ஒத்தி எடும்மா, தேய்க்காத. ஆமா, அப்படித்தான். காயட்டும், அவசரப்படாத. அதுவரைக்கும் அவகூடப் பேசு."

நாத்தனார் பேசினாள். அந்த நீளமான, அழகான பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். குழந்தையின் பாதத்தைத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டு ஏதேதோ சொன்னாள். அழுகை விசும்பலானது. விசும்பலுக்கு நடுவே குழந்தை அந்த முகத்தை உற்றுப் பார்த்தது. ஜன்னலோரம் நின்றவள், இன்னும் கொஞ்ச நேரம் அழேன் என்று மனசுக்குள் கெஞ்சினாள்.

கீழேயிருந்து கடைக்காரர் குரல் கொடுத்தார். "என்ன அங்க? பொட்டலம் இன்னுமா அழுவுது?"

"இல்லைங்க" என்றாள் அவள். "நிறுத்திட்டா."