வெள்ளித்தாள் சுற்றிய ஊசி

அண்ணனின் தொப்பைக் கொழுப்பு இரண்டு ஸ்பூன் அளவுக்கு என் கைக்கு வந்தபோது, அது அண்ணனுடையது என்று எனக்குத் தெரியாது. சீசாவின் மேல் பதினேழு என்று எழுதியிருந்தது, அவ்வளவுதான். எங்கள் ஆய்வகத்தில் யாருக்கும் பெயர் கிடையாது, எண்தான். கொழுப்பைக் கரைத்து, சுழற்றி, அடியில் தங்கும் ஸ்டெம் செல்களைப் பிரித்துத் தட்டையான பிளாஸ்டிக் குடுவைகளில் வளர்ப்பது என் வேலை. மூன்று நாளைக்கு ஒருமுறை பழைய திரவத்தை உறிஞ்சிவிட்டுப் புதுசு ஊற்ற வேண்டும். மூன்று வாரத்தில் குடுவையின் அடி நிறைந்துவிடும். பிறகு ஊசியில் ஏற்றிக் கீழே அனுப்பினால், டாக்டர் தொடை வழியாகக் குழாய் விட்டு, சிறுநீரகத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் நாளத்துக்குள் செலுத்துவார்.

பதினேழு யார் என்பது ஐந்தாம் நாள் அண்ணி வந்துதான் தெரிந்தது. கேன்டீனில் என் எதிரே உட்கார்ந்து, டீயை ஆறவிட்டு, மணிக்கட்டில் கட்டிய பட்டையில் பதினேழு என்று போட்டிருப்பதாகச் சொன்னாள். ஒரு சிறுநீரகம் எப்போதோ சுருங்கிவிட்டது. மற்றதற்குப் போகும் நாளமும் அடைத்துக்கொண்டது. ஸ்பிரிங் வைத்து விரித்தும் பார்த்தாயிற்று. வருஷக்கணக்கில் ரத்தம் கிடைக்காமல் பட்டினி கிடந்த சிறுநீரகம், வழியைத் திறந்துவிட்ட பிறகும் எழுந்திருக்கவில்லை. இப்படியே போனால் இந்த வருஷக் கடைசிக்குள் டயாலிசிஸ் என்று சொல்லிவிட்டார்களாம்.

"உன் கைலதான் இருக்குன்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சுது. கொஞ்சம் நல்லா பாத்துக்கம்மா" என்றாள்.

நான் எல்லோருடையதையும் நல்லாத்தான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். அண்ணி மேல் எனக்கு ஒன்றுமில்லை. அவன் மேல்தான். அவன் என்றுதான் சொல்வேன். மரியாதையெல்லாம் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்பே தீர்ந்துவிட்டது. அம்மா மூச்சு வாங்கிக்கொண்டு அவன் வீட்டில் படுத்திருந்தபோது, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போகலாம் என்று காலில் விழாத குறையாகச் சொன்னேன். "நாலு எழுத்து படிச்சுட்டா எல்லாம் தெரிஞ்சுடுமா" என்று கதவைச் சாத்தினான். மூன்றாம் நாள் அம்மா போனாள். வந்தவர்களிடமெல்லாம், இவள் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரி என்று பயமுறுத்தியே அம்மாவைக் கொன்றுவிட்டாள் என்றான். சித்தப்பா, பெரியம்மா, எல்லோரும் தலையாட்டினார்கள். அப்படிப்பட்டவன்தான் இப்போது ஆஸ்பத்திரிக் கவுனை மாட்டிக்கொண்டு கீழ்மாடியில் படுத்திருக்கிறான்.

அவன் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவன். ஸ்டியரிங் யார் கையில் இருந்தாலும் பிரேக் ஒன்று தன் காலடியில் இருந்தே ஆக வேண்டும். வீட்டிலும் அப்படித்தான். இந்தத் தடவை பிரேக் என் காலடிக்கு வந்திருந்தது.

தெரிந்தவருடைய எண் வந்தால் உடனே எழுதிக் கொடுத்துவிட்டு வேலையை வேறு ஆளிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது விதி. நான் எழுதிக் கொடுக்கவில்லை. ஏன் என்று கேட்டால், பாசம் பொங்கியது என்று கதை விட மாட்டேன். அவனுடைய உயிர் என் அலமாரியில் இருப்பது எனக்குப் பிடித்திருந்தது. கண்ணாடிக் கதவைத் திறக்கும்போதெல்லாம், என்ன சொல்லுவே இப்போ என்று மனசுக்குள் கேட்டுக்கொள்வேன்.

அந்தச் சனியன் பிடித்த செல்களும் அவனைப் போலவேதான் இருந்தன. மற்றவர்களுடையது தயங்கித் தயங்கிப் பரவும்போது, பதினேழு பத்தே நாளில் குடுவை முழுக்க இடம் பிடித்துக்கொண்டது. விடுமுறை நாளில்கூட நானே வந்து திரவம் மாற்றினேன். வேறு யாரும் தொடுவது பிடிக்கவில்லை. நுண்ணோக்கியில் அவை நீள நீளமாக ஒரே பக்கம் சாய்ந்து கிடந்ததைப் பார்த்து, நல்லா வந்திருக்கு என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். சொன்னதும் என் மேலேயே எரிச்சல் வந்தது.

இன்னும் ஒன்று இருக்கிறது. இது சோதனை. வருகிறவர்களில் பாதிப் பேருக்குத்தான் செல்கள். மீதிப் பேருக்கு வெறும் உப்புநீர். நிஜமாகவே பலன் இருக்கிறதா, மனப்பிரமையா என்று ஒப்பிட்டுப் பார்க்க வேறு வழியில்லை. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. ஊசி போடும் அன்று காலை, ஒட்டிய உறையைப் பிரித்துப் பார்த்து, அதில் உள்ளதை நிரப்பி, வெளியே தெரியாமல் வெள்ளித்தாள் சுற்றி அனுப்புகிறவளுக்கு மட்டும் தெரியும். அந்த ஒருத்தி நான். இதையெல்லாம் எழுதித்தான் கையெழுத்து வாங்குகிறார்கள். அவன் படித்திருக்க மாட்டான். உப்புநீர் அடுத்தவனுக்குத்தான் என்று நினைத்திருப்பான்.

அன்று காலை செல்களை எண்ணிச் சரிபார்த்துக் குழாயில் நிறுத்திவைத்தேன். பக்கத்தில் உப்புநீர்க் குழாய். கூட நின்று பார்க்க வேண்டிய அதிகாரி, படிவத்தில் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போயிருந்தார். உறையைப் பிரித்தேன்.

உப்புநீர்.

உண்மையைச் சொல்கிறேன், முதலில் வந்தது சந்தோஷம். சிரிப்புகூட வந்தது. நான் ஒன்றுமே செய்ய வேண்டாம். விதிப்படி நடந்தால் போதும், ஒருத்தரும் என்னைக் கைநீட்டிச் சொல்ல முடியாது. ஊசியில் உப்புநீரை ஏற்றி வெள்ளித்தாளைச் சுற்றினேன். அவனுடைய செல்களை உறைய வைத்து எடுத்துவைக்க வேண்டும், திரும்பி வந்து செய்துகொள்ளலாம் என்று குழாயை அப்படியே விட்டுவிட்டு, வழக்கமாகக் கடைநிலை ஊழியர் கொண்டுபோகும் பெட்டியை நானே எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன். அவன் முகத்தைப் பார்க்க வேண்டும் போலிருந்தது.

சிகிச்சை அறை வாசலில் ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்தான். தலைமாட்டில் அண்ணி. முகம் ஊதி, கண் சிறுத்து, தலை முழுக்க நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் முகத்தைக் கூரைப்பக்கம் திருப்பிக்கொண்டான். திமிர் அப்படியேதான் இருக்கிறது என்று நினைத்தேன். தள்ளுகிறவர் வண்டியை நகர்த்தினார். அப்போதுதான், என்னைப் பார்க்காமலே, பன்னிரண்டு வருஷம் கழித்துப் பேசினான்.

"உங்கிட்ட கேட்டுக்கிட்டு நான் வரல."

வண்டியோடு நானும் இரண்டடி நடந்தேன்.

"நீ வளத்தியாமே." கொஞ்சம் மூச்சு வாங்கினான். "அப்ப கெட்டுப்போயிருக்காது. அம்மாவையும் அன்னைக்கு உங்கிட்ட விட்டிருக்கணும்."

கதவு திறந்து அவனை உள்ளே வாங்கிக்கொண்டு சாத்திக்கொண்டது. இத்தனை வருஷமும் இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் காத்திருந்தேன். அதை இன்றைக்கா சொல்ல வேண்டும்? இந்தப் பெட்டி என் கையில் இருக்கும்போதா? பாவி.

அண்ணி பெட்டியைப் பார்த்துக் கை கூப்பினாள். கதவு மறுபடி ஓர் ஆள் அகலத்துக்குத் திறந்தது. பச்சை உறை போட்ட நர்ஸின் கை மட்டும் வெளியே நீண்டது.

"குடுங்க."

மேலே, மேஜையில், பதினேழு என்று எழுதிய குழாய் தனியாக நிற்கிறது. ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை எடுத்து மெல்லக் குலுக்காவிட்டால் செல்கள் அடியில் போய்ப் படிந்துவிடும். இந்நேரம் வெள்ளையாக, மெல்லிசாக, படிய ஆரம்பித்திருக்கும்.

நர்ஸின் கை இன்னும் நீண்டபடியே இருந்தது. நான் பெட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன்.