உப்புக் கை

அந்தத் துருவுக்கு ரேகை இருந்தது, நடுவில் ஒரு சுழி, சுழியைச் சுற்றி வளைந்து வளைந்து கோடுகள், மழை விட்ட பிறகு தேயிலைச் சரிவு வரிவரியாகத் தெரியுமே அப்படி, வெள்ளை வெளேரென்ற இரும்பின் முகத்தில் பழுப்பாக, ஒரு கட்டைவிரல் அகலத்துக்கு, நான் அதை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பிப் பிடித்திருக்கிறேன், வெளியே குன்னூரின் ஆடி மாத மஞ்சு இறங்கிக்கொண்டிருக்கிறது, இது அவருடைய விரல் என்று தெரிய எனக்கு ஒரு மூச்சு நேரம் ஆனது, தெரிந்த பிறகு அந்த மூச்சை வெளியே விடப் பயமாக இருந்தது, மூச்சின் ஈரம் பட்டால்கூட இந்த இரும்பு கெட்டுவிடும் என்று அவர்தான் சொல்லிக்கொடுத்திருந்தார், ஆகவே முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, சேலைத் தலைப்புக்குள் மூச்சு விட்டேன், காரியமெல்லாம் முடிந்து உறவு ஜனம் மலை இறங்கிப் போன பிறகு வந்த முதல் அமைதியான காலை அது, அவர் போனபோதுகூட அப்படி மூச்சை அடக்கியதில்லை.

அவர் என்றால் என் வீட்டுக்காரர், நல்லசிவம் என்று ஊர் சொல்லும், நான் சொன்னதில்லை, தேயிலை ஃபாக்டரியில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர், துரைமார்கள் விட்டுவிட்டுப் போன பழக்கமாக அங்கே எல்லாரும் கோல்ஃப் ஆடுவார்கள், இவரும் ஆடினார், சுமாராகத்தான் ஆடினார், ஆனால் பட்டர் என்று ஒரு மட்டை உண்டு, பந்து குழிக்குப் பக்கத்தில் வந்த பிறகு அதை மெல்லத் தள்ளிவிடுகிற மட்டை, அதன் மேல் அவருக்குப் பித்து, சாதாரண மட்டை அல்ல, உலகத்திலேயே கொஞ்சம்தான் செய்வார்களாம், ஒவ்வொன்றிலும் எண் குத்தியிருக்கும், செய்தவன் அதோடு அச்சை ஒதுக்கிவிடுவானாம், அப்படிப்பட்டவற்றை எங்கெங்கிருந்தோ வரவழைத்து வைப்பார், வைப்பார் என்றால் வைப்பதுதான், ஒரு பந்தும் அவற்றில் பட்டுவிடக் கூடாது, பட்டால் சேகரிக்கிறவர்கள் மத்தியில் அதற்கு மதிப்பு போய்விடும், ஆடுவதற்கென்று ஒரு கிழட்டு மட்டை, பிடியில் சைக்கிள் டியூப் சுற்றியது, அதை எடுத்துக்கொண்டு போவார், கிளப்பில் அவருக்கு அடிக்காத மட்டைக்காரர் என்று பெயர், என் அக்கா வந்தால் அலமாரியைத் திறந்து பார்த்துவிட்டுச் சிரிப்பாள், ஏண்டி, மட்டைக்கு மட்டை பூப்போட்ட உறை, வெல்வெட்டு உறை, நரித்தலை உறை, உங்க வீட்டுக்காரரு இதுக்கெல்லாம் சீர் செஞ்சு கட்டிக்குடுக்கப் போறாராக்கும், உனக்கு ஒரு பட்டு எடுத்தாரா என்பாள், அவர் கூடத்திலிருந்தே, எடுத்தேனுங்கோ, உங்க தங்கச்சி அதையும் உறை போட்டுத்தான் வெச்சிருக்கறா என்பார், பந்து கிடந்த இடத்தைக் குறிக்க வைக்கிற காசு மாதிரி வில்லைகளும் நிறைய இருந்தன, எனாமல் பூசியவை, செம்பு, வெள்ளி, அவற்றை ஒரு புது அஞ்சறைப்பெட்டியில் போட்டு வைத்திருந்தார், ஒருமுறை தாளிக்கும் அவசரத்தில் அக்கா அந்தப் பெட்டியை இழுத்துத் திறந்து, கடுகு இருக்கிற இடத்தில் கைவிட்டு, வெள்ளி வில்லையை எண்ணெயில் போட்டுவிட்டாள், அது பொரியவில்லை என்று அவள் குனிந்து பார்த்ததைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார், இப்போதும் சிரிக்கிறார், எந்த அறையில் என்றுதான் தெரியவில்லை.

அந்த மட்டைகளில் சிலது பூச்சு எதுவும் இல்லாத பச்சை இரும்பு, அதுதான் உசத்தி, அதுதான் தொல்லையும், இந்த மலைக் காற்றில் கொஞ்சம் அசந்தால் துருவேறும், அவருடைய கையோ உப்புக் கை, எப்போதும் வியர்த்திருக்கும், சாவி கறுக்கும், கடிகாரப் பட்டை பச்சை பூக்கும், கல்யாணத்தன்று மணவறையைச் சுற்றி வரும்போது என் விரல் பிடித்தவரின் ஈரம் முழங்கைவரை வந்ததைப் போல இருந்தது, இந்த மனுசன் பயந்துபோய் இருக்கிறார் என்று நினைத்தேன், பயமில்லை, சுபாவம், என் கை அதற்கு நேர் எதிர், காய்ந்த கை, கோபியில் நான் படித்த பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர் ஊசிப் பெட்டியை என்னிடம் மட்டும்தான் தருவார், மற்றப் பிள்ளைகள் தொட்டால் ஊசி துருப்பிடிக்கிறது, இவ கை கருவாட்டுக் கை, இவகிட்டக் குடு என்பார், அதை நான் இவரிடம் சொன்ன நாளிலிருந்து மட்டைகள் என் பொறுப்பாயின, புதுப் பெட்டி வந்தால் நான்தான் பிரிக்க வேண்டும், நான்தான் உறையை உருவி எடுத்து, அவர் கண்ணுக்கு நேரே பிடித்து, திருப்பு என்றால் திருப்பி, இன்னும் கொஞ்சம் என்றால் இன்னும் கொஞ்சம், அவர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று பார்ப்பார், கோயிலில் கருவறைக்கு முன்னால் நிற்பதுபோல, பார்த்து முடிந்ததும் தையல் மிஷின் எண்ணெயைப் பழைய வேட்டித் துணியில் தொட்டு மேலிருந்து கீழாக ஒரே திசையில் துடைத்து வைப்பேன், முகம், முதுகு, அடி, கழுத்து, அந்த வரிசை மாறாது, அவர் ஆசைப்பட்டுச் சேர்த்த எதையும் அவர் தொட்டதில்லை, தொட்டது எல்லாம் நான், இது ஒரு குடித்தனமா என்று அக்கா கேட்பாள், குடித்தனம்தான்.

அக்கா மகளுக்கு ஆனியில் நிச்சயம், நான் முன்கூட்டியே கோபிக்கு இறங்கிவிட்டேன், அவருக்கு முட்டிவலி, மலை இறங்கி ஏற முடியாது என்று இருந்துகொண்டார், நிச்சயம் முடிந்து பந்தி பரிமாறிக்கொண்டிருக்கையில் போன் வருகிறது, ஏம்புள்ள, பெட்டி வந்திருச்சு என்கிறார், மாதக்கணக்காக வழிபார்த்த பெட்டி, வந்தா அப்படியே இருக்கட்டும், நாளைக்கு மத்தியானம் வந்துருவேன் என்கிறேன், அப்படியேதான் வெச்சிருந்தேன், எதிர்த்தாப்பல உக்காந்து பேப்பரைத் திருப்பித் திருப்பிப் படிச்சேன், தாங்கலை, பிரிச்சுப்போட்டேன், சரி போகுது, துணி சுத்தித்தானே எடுத்தீங்க என்கிறேன், அந்தப் பக்கம் அடக்கின சிரிப்பு, தொட்டுப்போட்டேன் புள்ள, எங்கே, மூஞ்சியிலயே, அட கெரகமே, ஒடனே தொடைங்க, எண்ணெய் ரெண்டாவது தட்டுல இருக்குது, துணி அதுக்குப் பக்கத்துல, அவர் சொல்கிறார், நீ வந்து தொடைச்சுக்கோ, தொடைக்கறது உன்ற வேலை, எத்தனை வருசமா நீ மட்டுமே தொடுவே, எப்படித்தான் இருக்குதுன்னு பார்த்தேன், எப்படி இருந்துச்சு, ஜில்லுனு இருந்துச்சு என்றார், அக்கா பின்னாலிருந்து, ரசத்துக்கு ஆள் நிக்குது, அங்க என்ன கொஞ்சல் என்று கத்தினாள், வெச்சர்றேன் என்றேன், வைத்துவிட்டேன், மறுநாள் காலையில் பால்காரர் வந்து மணியடித்து மணியடித்துப் பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டில் சொல்லியிருக்கிறார், இவர் தூக்கத்திலேயே போயிருக்கிறார், முகத்தில் வேதனை ஒன்றும் இல்லை என்றார்கள், நான் மலையேறி வந்து தொட்டபோது அந்தக் கை முதல்முறையாகக் காய்ந்திருந்தது.

கனவில் வருகிறார், கூடத்துக் கம்பளத்தில் பந்தைத் தள்ளுகிறார், ஒரு டம்ளரைச் சாய்த்து வைத்திருக்கிறார், பந்து உருண்டு உருண்டு வருகிறது, என் கால் பக்கம்தான் டம்ளர், ஆனால் வந்து சேர்வதில்லை, நான் போய் அவர் கையைப் பிடிக்கிறேன், காய்ந்திருக்கிறது, அதனாலேயே அது கனவு என்று தெரிந்து விழித்துவிடுகிறேன், விழித்தால் எழுந்து போய் அந்த மட்டையின் உறையை உருவிப் பார்ப்பேன், வீட்டுப் பத்திரத்திலும் அவர் விரல் இருக்கிறது, மையில், அது சர்க்கார் கேட்டு வைத்த விரல், இது யாரும் கேட்காமல் ஆசைப்பட்டு வைத்த விரல், உப்போடும் ஈரத்தோடும் வைத்தது, எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை, அவர் உடம்பில் இந்த உலகத்தில் மிச்சம் இது ஒன்றுதான், துடைக்கவில்லை, துடைப்பதே வேலையாக இருந்தவள் துடைக்காமல் இருந்தேன், ஆனால் துரு சும்மா இருக்காதே, எண்ணெய் காணாத இரும்பில் அது ஊரும், ஒரு நாள் பார்க்கிறேன், சுழியின் உள்கோடுகள் ஒன்றோடொன்று ஒட்ட ஆரம்பித்திருக்கின்றன, ஓரம் பொடிப்பொடியாக வெளியே நடக்கிறது, எண்ணெய் போட்டால் துணியோடு அவர் வந்துவிடுவார், போடாவிட்டால் அவர் கலைந்து வெறும் துருவாகிவிடுவார், இரண்டுக்கும் நடுவில் என்ன செய்வதென்று தெரியாமல் மேட்டுப்பாளையத்துக்குப் போன் போட்டேன், தெய்வசிகாமணிக்கு.

தெய்வசிகாமணி பல் டாக்டர், ஞாயிறு தவறாமல் மலையேறி வந்து இவரோடு ஆடிவிட்டுப் போகிறவன், இவரை அண்ணா என்பான், என்னை அண்ணி என்பான், அவனிடமும் இரண்டு மூன்று மட்டைகள் உண்டு, எல்லாம் இவர் ஊட்டிய பித்து, தம்பி, கடைசியா வந்துச்சே ஒண்ணு, அதுல ஒரு துரு, அது பரவாம வெச்சுக்கோணும் என்றேன், அந்த ஞாயிறே வந்தான், உறையை உருவினான், ஐயையோ, மூஞ்சியிலயேவா என்றான், இது உங்க அண்ணன் விரலு என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது, சொன்னால் அவன் அழுவான், அவன் அழுதால் நானும் அழுவேன், யார் முன்னாலும் அழுகிறவளாக இருந்து எனக்குப் பழக்கமில்லை, புருசன் போன பின் துருவைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்று ஆகிவிடுமே என்றும் இருந்தது, பரவாம இருந்தாப் போதும், வேற ஒண்ணும் வேண்டாம் என்றேன், எங்கிட்ட விடுங்கண்ணி, நான் பார்த்துக்கறேன் என்று, பிள்ளையைத் தூக்குவதுபோல இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு போனான், கார் வளைவில் மறையும் வரை நின்றேன், கூப்பிட்டிருக்கலாம், கொண்டை ஊசி வளைவில் ஹாரன் அடித்தான், அது எனக்குத்தான்.

திரும்பி வந்த அன்று வெயில், மலையில் அபூர்வமான நல்ல வெயில், வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, கண்ணை மூடிக்குங்கண்ணி என்றான், மூடினேன், இப்பப் பாருங்க, பார்த்தேன், இரும்பு கண்ணாடியாக இருந்தது, அதில் ஜன்னல் தெரிந்தது, ஜன்னலுக்கு முன்னால் ஒரு கிழவி தெரிந்தாள், அது நான், பரவாம வெக்கறது என்னுங்கண்ணி, சுத்தமா எடுத்தே போட்டேன், கிளினிக்குல ஒருத்தரையும் தொட விடலை, பல்லுக்குப் போடற பேஸ்ட்டு, சின்னூண்டு பிரஷ்ஷு, லென்ஸை மாட்டிட்டு உக்காந்தேன், ஏதோ கோடு கோடா உள்ள இறங்கி இருந்துச்சு, ஒவ்வொரு கோடா எடுத்தேன் என்றான், ஒவ்வொரு கோடாவா தம்பி என்றேன், ஆமாங்கண்ணி, ஒண்ணு விடலை, அவன் கண் கலங்கியிருந்தது, அண்ணன் இருந்திருந்தா முதுகுல ஒரு தட்டு தட்டியிருப்பாரு என்றான், நான் அவன் முதுகில் ஒரு தட்டு தட்டினேன், நல்லா இருக்குது என்றேன், புத்தம் புதுசாட்டம் இருக்குது என்றேன், காபி போட்டுக் கொடுத்தேன், சர்க்கரை போட மறந்திருக்கிறேன், அவன் அதையும் ஒரு சொட்டு விடாமல் குடித்துவிட்டு, எதுன்னாலும் போன் பண்ணுங்க என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனான், நல்ல பையன், அவனிடம் சொல்லவே மாட்டேன், எந்தக் காலத்திலும்.

அவன் போன பிறகு மட்டையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறேன், எண்ணெய் புட்டி பக்கத்தில், துணி பக்கத்தில், கை தன் போக்கில் துணியை எடுக்கிறது, முகம், முதுகு, அடி, கழுத்து, நான் அதைத் தடுக்கிறேன், ஜில்லுனு இருந்துச்சு என்கிறார், எங்கே வைத்தீர்கள், இங்கேயா, இங்கேதான், நடுவில், எனக்கு இடம் மறக்கவில்லை, அந்த இடத்தைத் தொடாமல், ஓரமாக, என் கட்டைவிரலை அழுத்தினேன், ஜில்லென்றுதான் இருந்தது, காய்ந்த கை, ஒன்றும் ஒட்டவில்லை, கருவாட்டுக் கை என்று டீச்சர் சிரிக்கிறார், அப்போதுதான் வந்தது, நிச்சய வீட்டில் சேதி கேட்டபோது வராதது, மயானத்துக்கு எடுத்துப் போனபோது வராதது, சத்தமில்லாமல் வந்தது, கண்ணைக் கட்டைவிரலால் துடைத்தேன், துடைத்த விரலை எடுத்து அதே ஓரத்தில் மறுபடி வைத்தேன், உறையைப் போட்டு அலமாரியில் நிறுத்திவிட்டேன், வெயில் போய் மஞ்சு இறங்கியது, எத்தனை நாள் இறங்கியதோ, பிறகு ஒரு காலையில் உறையை உருவிப் பார்க்கிறேன், இந்தத் துருவுக்கும் ரேகை இருக்கிறது, சின்னக் கட்டைவிரல், குறுக்கே அரிவாள்மணை வெட்டிய பழைய தழும்பு கோடாக ஓடுகிறது, ஊசிகூடத் துருப்பிடிக்காத கையிலிருந்து இது வந்திருக்கிறது, பழுப்பாக, ஓரத்தில் ஒதுங்கி, பக்கத்தில் ஒருவருக்கு இடம் விட்டதுபோல, அந்த இடம் மட்டும் பளபளவென்று இருக்கிறது.