புடிக்குதுங்களா?

கிருபாசங்கர் அன்று சிரித்துக்கொண்டே கேட்டாரா, அந்தச் சிரிப்பை நான் பின்னால் சேர்த்துக்கொண்டேனா என்று இப்போது எனக்கு உறுதியாகத் தெரியவில்லை. கேட்ட சொல் மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

தொண்ணூற்று நான்காம் வருடம். என் மனைவி தேவகிக்குக் கழுத்துவலி. டாக்டர் சொன்னபடி, பீளமேட்டில் ஒரு கல்யாண மண்டபத்து மொட்டைமாடியில் காலையில் நடந்த யோகா வகுப்பில் சேர்ந்தாள். மாஸ்டர் கிருபாசங்கர். ஒருநாள் அவளை அழைத்து வரச் சீக்கிரமே போய்விட்டேன். படியேறும்போதே அவர் குரல் கேட்டது.

"புடிக்குதுங்களா?"

"நல்லாப் புடிக்குதுங்க" என்றாள் தேவகி.

நான் மேலே போகவில்லை. கீழே இறங்கி வண்டியருகே நின்றேன். கணபதியில் எங்கள் பம்ப்செட் பட்டறைக்குப் போன பிறகும் அந்தக் குரல் விடவில்லை. வீட்டில் நான் அதிகம் பேசுகிறவன் அல்ல. சாப்பிடும்போதும் கையில் புத்தகம் இருக்கும். பிடிக்கிறதா என்று அவளிடம் எதைப் பற்றியும் நான் கேட்டதில்லை. முப்பது வயதுகூட ஆகாத, தொப்பையில்லாத ஒருவர் கேட்கிறார். இவளும் கூச்சமில்லாமல் பதில் சொல்கிறாள்.

மறுநாள் நானும் சேர்ந்தேன்.

"ஏனுங்க, உங்களுக்கெதுக்குங்க இது?" என்றாள் தேவகி.

"உடம்புக்கு நல்லதாமா."

காலை நீட்டி உட்கார்ந்து, குனிந்து பாதத்தைத் தொடும் ஆசனம். தேவகி முழங்காலோடு நிறுத்திக்கொண்டாள். அதற்கே மாஸ்டர், "அருமைங்க அம்மணி" என்றார். நான் முழங்காலைத் தாண்டினேன். தொடைக்குப் பின்னால் கயிறு இழுத்தாற்போல் இருந்தது. அவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"புடிக்குதுங்களா?"

அதே சொல்.

"புடிக்கலை" என்றேன், அவருக்கு உறைக்கட்டும் என்று.

"அட, பரவாயில்லைங்களே! அப்ப இன்னுங் கொஞ்சம் போலாமுங்க."

தேவகி திரும்பிப் பார்த்தாள். அவள் பார்க்கிறாள் என்பதற்காகவே கட்டைவிரலை எட்டிப் பிடித்தேன். இடுப்பில் சுரீரென்றது. நிமிர முடியவில்லை.

மாஸ்டர் பதறிப்போனார். "சதை புடிச்சா அங்கயே நிறுத்தோணும்னுதானுங்க எல்லாரையும் கேக்கறேன். நீங்க புடிக்கலைன்னீங்களே!"

ஆட்டோவில் வீடு வந்தோம். ஒத்தடம் கொடுக்கும்போது தேவகி கேட்டாள்.

"புடிக்குதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா உட்டிருப்பாருங்கல்ல?"

"புடிக்கலைன்னுதான் சொன்னேன். நீ அங்க போறது எனக்குப் புடிக்கலை."

துணியை வைத்த கை அப்படியே நின்றது. "அந்தப் புடிக்கலைங்களா?" என்று சிரித்தாள். சிரிப்பு சீக்கிரமே அடங்கிவிட்டது. துணியை வெந்நீரில் நனைத்துப் பிழிந்தபடி, "நாளைக்கு நான் போவேனுங்க" என்றாள்.

போனாள். இந்நேரம் அவர் கேட்டிருப்பார், இவள் சொல்லியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டே பாயில் கிடந்தேன். அர்த்தம் தெரிந்த பிறகும் அந்த எரிச்சல் குறையவில்லை.

அடுத்த வருடம் கிருபாசங்கர் கல்யாணமாகி ஈரோட்டுக்குப் போய்விட்டார். தேவகிக்குக் கழுத்துவலி விட்டது. இன்றும் காலையில் ஆசனம் செய்கிறாள், பிடிக்கிற இடத்தில் நிறுத்திக்கொள்கிறாள். நான் குனிந்து மோட்டார் தூக்குவதில்லை. பட்டறையில் அதை என் தம்பி பார்த்துக்கொள்கிறான்.