முகவரி இல்லாத படங்கள்

வீடு விற்றுக் கொடுக்கும் அலுவலகத்தில் ஆங்கில விளம்பரம் எழுதுகிறவளுக்கு 'டிசைரபிள்' என்றே பட்டப்பெயர். மற்ற தரகர்கள் கழிவறை ஒழுகும் வீட்டுக்கும் அந்தச் சொல்லைப் போட்டு வாய் கூசாமல் விற்பார்கள். இவள் மட்டும் அதில் மகா கஞ்சம். பெரிய வீட்டைப் பெரிய வீடு என்று எழுதினால் போதும். பார்த்ததும் 'ஐயோ, இது நமக்கு வாய்க்காதா' என்று மனசு அடித்துக்கொண்டால்தான் அது டிசைரபிள் என்பது அவள் கட்சி. அவள் அப்படி எழுதிய வீடு சட்டென்று போய்விடும் என்று முதலாளி வருகிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொள்வார்.

அன்று காலை புதிதாக விற்பனைக்கு வந்த வீடு ஒன்றின் படங்களை அவளுக்கு அனுப்பினார். வெறும் படங்கள்தான். உரிமையாளர் பெயரையும் முகவரியையும் முதலாளி யாருக்கும் காட்டமாட்டார்; தெரிந்தால் ஆளாளுக்குத் தனியாக வியாபாரம் பேசப் போய்விடுவார்கள் என்ற பயம்.

முதல் படம் சமையலறை. மேடையில் ஒரு கரண்டிகூட இல்லை. ஜன்னல் வழியாக வெயில் வந்து மேடை முழுக்கப் படுத்திருந்தது. அவளுக்கு வயிறு எரிந்தது. தன் வீட்டுச் சமையலறையில் ஒரு டம்ளர் வைக்க இடமுண்டா? எந்த மகராசி ஆளுகிற வீடோ என்று பெருமூச்சு விட்டபடி, கொஞ்சமும் யோசிக்காமல் டிசைரபிள் என்று எழுதினாள்.

அடுத்த படம் படுக்கையறை அலமாரி. மூன்று கதவுகளுக்குப் பித்தளைக் கைப்பிடி, நான்காவதற்கு நீலப் பிளாஸ்டிக். அந்த நீலக் கைப்பிடி, கணவனிடம் சொல்லிச் சொல்லி வாய் வலித்துப்போய் அவளே திருப்புளி பிடித்து மாட்டியது.

மறுபடி முதல் படத்துக்குப் போனாள். அவள் மேடைதான், அவள் ஜன்னல்தான். நேற்று வேலை முடிந்து வீட்டுக்குப் போனபோது பாத்திரங்கள் இடம் மாறியிருந்தன. லீவு போட்டுச் சுத்தம் செய்ததாகக் கணவன் சொல்ல, பைத்தியக்காரி போல அவள் பூரித்துப்போனாள். வீடு அவன் பெயரில் இருக்கிறது. அது இத்தனை வருஷத்தில் அவளுக்கு ஒரு பொருட்டாகவே பட்டதில்லை.

மாடிப்படிக்கு ஓடி அவனுக்குப் போன் செய்தாள். நம் வீட்டுப் படம் இங்கே எப்படி வந்தது என்று கேட்டாள். அவன் மறுக்கவில்லை.

"உன் கண்ணுல படும்னு தெரிஞ்சுதான் அங்க குடுத்தேன். நேர்ல சொல்ற தைரியம் எனக்கு வரல."

அது நம் வீடே இல்லை என்று பொய் சொல்லியிருந்தால்கூட நம்பியிருப்பாள்.

"அப்ப நாம எங்கங்க போறது?"

"எனக்கு ஒரு ரூம் பாத்துட்டேன்."

அடுத்து தனக்கும் ஏதாவது சொல்வான் என்று போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றாள்.

"நீ உங்க அண்ணன்கிட்ட பேசிக்கோ" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.