பாலைவன ரோட்டுக்கு ஒரு மெக்கானிக்

என் வீட்டுக்காரர் சைக்கிள் மெக்கானிக். சக்கரத்தைத் தொட்டுப் பார்த்தே எந்த ஸ்போக் கம்பி தளர்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். ஆனால் அவருக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது. இது எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த விஷயம். வேலை முடிந்ததும் வண்டியை என் பக்கம் தள்ளி, "ஒரு ரவுண்டு போயிட்டு வா" என்பார். நான் தெருமுனை வரை ஓட்டித் திரும்பி வந்து, கியர் எங்கே இடறுகிறது, பிரேக் எப்போது கீச்சிடுகிறது என்று சொல்வேன். இவர் ஏறி ஓட்டாததை வாடிக்கையாளர்கள் பெரிய அடக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள். இவரும் திருத்தவில்லை, என்னையும் வாய் திறக்க விடவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை, சொன்னபடியே எங்கள் வாடிக்கையாளர்களான பல் டாக்டரும் டீச்சரும் கடைக்கு வந்து வேலை மேசையில் மேப்பை விரித்தார்கள். பாலைவன ரோட்டில் மலை சைக்கிள் பயணம் போகத் திட்டம். டாக்டர் தன் போனில் படம் காட்டினார். சிவப்புக் குன்றுகளுக்கு நடுவே கறுப்பாக ஒரு ரோடு. கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஈ காக்கை இல்லை. போனைக் கையில் வாங்கிப் பார்த்தேன். எவ்வளவு உசத்தியான சைக்கிளானாலும் தெருமுனை வந்ததும் திருப்பித்தான் ஆகவேண்டும் எனக்கு. திருப்பவே வேண்டாத ரோடு ஒன்று இருக்கிறதே! போயே ஆகவேண்டும் என்று அப்படி ஓர் ஆசை. ஆனால் என்னை யார் கூப்பிட்டார்கள்?

"அண்ணே, நீங்க இல்லாம நாங்க கிளம்பவே மாட்டோம்," என்றார் டாக்டர்.

இவர் முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. நேராக மறுக்க வாய் வராமல், பயமுறுத்திப் பார்த்தார்.

"அங்க முள்ளு ஜாஸ்தி. டயர் சல்லடையாயிடும்."

"அதுக்குத்தானே நீங்க வர்றீங்க."

"செயின்ல மணல் புகுந்துட்டா கியர் மாறவே மாறாது."

"பாத்தீங்களா டீச்சர், அண்ணன் இல்லாம எப்படிப் போறது?"

வெயில், எதிர்க்காற்று, இறக்கத்தில் பிரேக் சூடாவது என்று இவர் எடுத்துவிட எடுத்துவிட, இவருடைய மதிப்பு ஏறிக்கொண்டே போனது. கடைசியில் காற்றடிக்கும் பம்பைத் தரையில் இரண்டு தட்டுத் தட்டினார். அது எனக்கான சைகை. இவரையும் கூப்பிட்டால் என்ன சொல்வது என்று காலையிலேயே பேசிவைத்திருந்தோம்.

"அவருக்கு முதுகு வலிங்க. சீட்ல உக்காரவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு," என்றேன்.

"எந்த டாக்டர்?" என்று அக்கறையாகக் கேட்டார் பல் டாக்டர்.

இதை நாங்கள் பேசிவைக்கவில்லை. "முதுகு டாக்டர்," என்றேன்.

பல் டாக்டர் பெருமூச்சு விட்டார். "அப்ப சரி, அடுத்த தெரு மெக்கானிக்கக் கூட்டிட்டுப் போறோம்."

அந்த ஆளுக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் சுத்தியல். என்ன பழுதென்று கேட்பதற்கு முன் ஓர் அடி போட்டுவிடுவான். அவன் நசுக்கியதை நிமிர்த்துவதே எங்கள் கடையில் பாதி வேலை.

"சுத்தியலா?" இவர் துள்ளி எழுந்தார். முதுகுவலி போன இடம் தெரியவில்லை. "நான் பாத்துப் பாத்து நிமுத்துன சக்கரத்துல அவன் கை வைக்கிறதா?"

"அப்ப நீங்க வாங்க!"

இவர் டாக்டரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அது அடுத்தவர் போன் என்பதே மறந்துபோய், நான் அந்த ரோட்டைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எனக்கு சைக்கிள் ஓட்ட வராது," என்றார். "உங்க வண்டி எல்லாத்தையும் ஓட்டிப் பாத்து, குடுத்துடலாம்னு சொன்னது இவதான். நான் முடுக்குவேன், அவ்வளவுதான். எங்க முடுக்கணும்னு சொல்றது இவ. இவளக் கூட்டிட்டுப் போங்க."

அடுத்தவரை வாய் திறக்கச் சொல்லிப் பழகிய டாக்டர் தன் வாயை மூட மறந்துவிட்டார். டீச்சர்தான் முதலில் சிரித்தார். "அக்கா, வர்றீங்களா?"

"வர்றேன்," என்றேன். கொஞ்சம் பிகு பண்ணியிருக்கலாம். பண்ணவில்லை.

அவர்கள் போனதும் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றேன். "இதைச் சொல்ல இத்தனை வருஷமாச்சா உங்களுக்கு?"

இவர் விற்பனைக்கு மாட்டியிருந்த மலை சைக்கிள் ஒன்றை இறக்கி, "ஏறு," என்றார். ஏறினேன். கால் தரைக்கு எட்டவில்லை. எனக்கு அது புதிதும் இல்லை. யார் யார் உயரத்துக்கோ வைத்த சீட்டில் எக்கி எக்கித்தான் இத்தனை நாளும் ஓட்டியிருக்கிறேன். இறங்கச் சொல்லி சீட்டைத் தாழ்த்தினார். மறுபடி ஏறச் சொன்னார். தரையில் மண்டி போட்டு, என் குதிகாலைப் பெடலில் வைத்து, முழங்கால் எவ்வளவு மடங்குகிறது என்று பார்த்தார். இன்னும் ஒரு விரல்கடை இறக்கி போல்ட்டை முடுக்கினார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. எனக்கென்று வைத்த சீட்டு எப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது.

"அழுதது போதும், பிரேக்கப் புடிச்சுப் பாரு," என்றார் இவர், நிமிராமலேயே. "விரல் எட்டுதா?"

எட்டியது.